நம் வீட்டு இழவு

'கூலிக்கு மாரடிக்கிறான்' என்று தமிழில் ஒரு வசவு உண்டு. மனசு ஒட்டாமல் வேலை பார்ப்பவனைச் சொல்வது. ஆபீசில் சொல்கிறார்கள், பள்ளிக்கூடத்தில் வாத்தியார்கள் சொல்கிறார்கள், நம் கூட்டங்களில் தோழர்களே சொல்கிறார்கள். மாரடித்தது யார், யார் வீட்டுப் பிணத்துக்கு அடித்தார்கள், கூலி என்ன கொடுத்தார்கள் என்று மட்டும் எவரும் கேட்பதில்லை.

என் ஆயா அடித்திருக்கிறாள். ஊர்த்தெருவில் பெரிய சாவு விழுந்தால் சேரியிலிருந்து நாலைந்து பெண்களுக்கு ஆள் வரும். வாசலுக்கு வெளியே மண்ணில் உட்கார்ந்து அழவேண்டும். அழுது முடித்தால் இரண்டு படி நெல், சில நேரம் ஒரு பழம்புடவை. தாத்தாவுக்கு வேறு வேலை, இழவு சொல்லப் போவது. பத்து மைல், பன்னிரண்டு மைல் நடந்து, சம்பந்தி வீட்டுக்கு எதிரே தள்ளி நின்று, இன்னார் செத்துப்போனார், இன்ன நேரத்துக்கு எடுக்கிறார்கள் என்று சொல்லிவிட்டுத் திரும்பவேண்டும். பறையடிப்பதும் குழிவெட்டுவதும் இதற்கு மேல்.

"அவங்க ஊட்டுப் பொணத்தப் பாத்தா எனக்கு எங்கருந்துடா அழுவ வரும்? எம்புள்ளைங்க செத்தத நெனச்சிக்குவேன். தானா வந்துடும்" என்பாள் ஆயா. அவளுக்கு இரண்டு பிள்ளைகள் கைக்குழந்தையிலேயே போனவை. நான் சின்ன வயதில் இதைக் கேட்டுச் சிரித்திருக்கிறேன். பிற்பாடு தமிழ் எம்.ஏ. படித்து ஒப்பாரி பற்றித் தேடியபோது, இசபெல் கிளார்க்-தெசே என்ற மானிடவியலாளர் நம் பக்கத்து ஒப்பாரிகளைப் பற்றி 2005இல் ஆங்கிலத்தில் எழுதிய நூல் கிடைத்தது. 'இறந்தவருக்காக யாரும் அழுவதில்லை' என்று பொருள்படும் தலைப்பு. ஆயாவுக்கு எழுதத் தெரிந்திருந்தால் இதே தலைப்பை முப்பது வருஷம் முந்தியே வைத்திருப்பாள்.

அடுத்தவன் பிணத்தைச் சாக்கு வைத்துத்தான் தன் பிள்ளைக்கு அழ முடிந்தது அவளுக்கு. தன் இழவுக்கென்று தனியாக நேரம் இல்லை. அவள் பேரனுக்கு எழுத்து கிடைத்திருக்கிறது. அதிலாவது நம் வீட்டு இழவு நேராக வந்திருக்கிறதா என்பதுதான் என் கேள்வி. தலித் இலக்கியத்தின் மேல் வைக்கும் விமர்சனமாகவே இதை வைக்கிறேன். என்மேலும்தான்.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியலில் அழுகைக்கு நான்கு காரணம் சொல்லியிருக்கிறது: இழவு, இளிவு, வறுமை, அசைவு. இழவு என்பது வேண்டியவர்களைப் பறிகொடுப்பது. இளிவு, பிறர் நம்மை இழிவாக நடத்துவது. அசைவு, இருந்த நிலையிலிருந்து சரிவது. பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணின விஷயம். பத்து வருஷம் கழித்து நம் தன்வரலாறுகளை வரிசையாக எடுத்துப் படித்தபோது இது வேறு மாதிரி ஞாபகத்துக்கு வந்தது. நாம் இளிவை எழுதியிருக்கிறோம். வறுமையை எழுதியிருக்கிறோம். இந்த இரண்டையும் இந்த மொழியில் நம்மைப் போல எழுதினவர்கள் கிடையாது. இழவை எழுதினோமா? சங்கப் பாட்டில் கையறுநிலை என்று ஒரு துறையே இருக்கிறது, வள்ளல் செத்தால் பாணனும் புலவனும் கையற்று நிற்பது. அந்தப் பாணன் வீட்டில் செத்தவர்களுக்கு எந்தத் துறை?

என் அக்கா 2022இல் செத்துப்போனாள். வயது 41. கிட்னி போய்விட்டது. ஒன்றரை வருஷம் வாரத்துக்கு இரண்டு முறை டயாலிசிஸ். நான் பத்து வருஷமாக உண்மை அறியும் குழுக்களில் போய் அறிக்கை எழுதுகிறவன். எரிந்த குடிசைகளை எண்ணியிருக்கிறேன், செத்தவனின் சட்டை என்ன நிறம் என்று அவன் தாயிடமே கேட்டு எழுதியிருக்கிறேன். அக்கா செத்து மூன்று மாதம் என்னால் ஒரு பத்தி எழுத முடியவில்லை. துக்கம் விசாரிக்க வந்த ஒரு தோழர் கேட்டார், "ஆஸ்பத்திரியில ஏதாவது பாகுபாடு நடந்துச்சா தோழர்?" அவர் நல்ல மனுஷர். கேட்டதில் தப்பில்லை. ஆனால் எனக்கு உறைத்தது வேறொன்று. அவர் கேட்பதற்கு முன்பே நான் அதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். எந்த டாக்டர் திட்டினார், எந்த நர்ஸ் முகம் சுளித்தார் என்று ராத்திரியெல்லாம் ஞாபகத்தைக் கிளறிக்கொண்டிருந்தேன். ஒன்றும் இல்லை. அந்த வார்டு நர்ஸம்மா அக்காவுக்கு வீட்டிலிருந்து கஞ்சி கொண்டுவந்து கொடுத்தவர். குற்றவாளி ஒருத்தன் கிடைத்திருந்தால் அன்றைக்கே பதினாறு பக்கம் எழுதியிருப்பேன்.

பாடை போன பாதையும் அப்படித்தான். எங்கள் சேரிக்குச் சுடுகாட்டுப் பாதை கிடையாது. மழைக்காலத்தில் அடுத்தவர் வயலில் இறங்கித்தான் பிணத்தைக் கொண்டுபோவோம், ஒவ்வொரு சாவுக்கும் ஒரு தகராறு. 2014இல் பாதை கேட்டு மனு எழுதினவன் நான். போராடி வாங்கினோம். அந்தப் பாதையில் அக்காவின் பாடை ஒரு வார்த்தை தகராறு இல்லாமல் போய்ச் சேர்ந்தது. அதனாலேயே எழுத ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டது. ஜெயித்த இடத்தில் நமக்கு மொழி இல்லாமல் போவது என்ன நியாயம்?

அம்பேத்கரிடம் போகிறேன். அவரிடம் இதற்கு இரண்டு விதமான எழுத்து இருக்கிறது.

ஒன்று, 'வெய்ட்டிங் ஃபார் எ விசா'. அவர் கையெழுத்துப் பிரதியாக விட்டுப்போனதை 1990இல் சிறு நூலாக வெளியிட்டார்கள். தீண்டாமை என்றால் என்னவென்றே தெரியாத வெளிநாட்டவருக்குப் புரியும்படி சம்பவம் சம்பவமாக எழுதியது. முதல் சம்பவம், 1901இல் பையன்கள் சேர்ந்து அப்பாவைப் பார்க்கக் கோரேகான் போன பயணம். ஸ்டேஷன் மாஸ்டர் ஐந்தடி பின்னால் போனது, வண்டிக்காரன் ஏற்றிக்கொள்ள மறுத்தது, கையில் சாப்பாடு இருந்தும் குடிக்கத் தண்ணீர் கிடைக்காமல் ராத்திரி பட்டினி கிடந்தது என்று தாகம் பக்கம் பக்கமாக வருகிறது. அந்தப் பயணத்துக்கு முந்தியே அம்மா இறந்துவிட்டார். மூத்த அக்காவும் இறந்துவிட்டார், அக்காவின் பிள்ளைகளும் கூட வந்த பையன்களில் இருக்கிறார்கள். இரண்டு சாவையும் போகிற போக்கில் சொல்லிவிட்டுத் தாண்டிவிடுகிறார். யார் யார் வீட்டில் இருந்தார்கள் என்று விளக்கவேண்டிய இடத்தில் மட்டும் அவை தகவலாக வருகின்றன.

அதே நூலில் வேறொரு சாவுக்குத் தனி இடம் இருக்கிறது. கத்தியவாரில் ஒரு பள்ளி ஆசிரியர், தீண்டப்படாத சாதிக்காரர், தன் மனைவி பிரசவத்துக்குப் பிறகு நோயில் கிடந்தபோது டாக்டர் தொட்டுப் பார்க்க மறுத்ததையும் அவள் செத்துப்போனதையும் 1929இல் 'யங் இந்தியா'வுக்குக் கடிதமாக எழுதினார். அம்பேத்கர் அதை எடுத்து வைக்கிறார். அந்தச் சாவில் குற்றவாளி இருக்கிறான். அம்மாவின் சாவில் இல்லை. சாட்சிக் கூண்டில் ஏறினவன் கேட்ட கேள்விக்குத்தான் பதில் சொல்ல முடியும். 'உங்களுக்கு என்ன செய்தார்கள்' என்பது அங்கே கேள்வி. 'உங்களுக்கு யார் இல்லாமல் போனார்கள்' என்று எந்தக் கோர்ட்டும் கேட்காது.

இன்னொன்று, 1926இல் அவர் தத்தோபா பவாருக்கு எழுதிய கடிதம். கடைசி மகன் ராஜரத்னா அந்த வருஷம் ஜூலையில் இறந்தான். அதற்கு முன் இரண்டு மகன்களும் ஒரு மகளும். நான்கையும் புதைத்துவிட்டு நிற்கிற ஒரு தகப்பன், இந்த அடியிலிருந்து தானும் மனைவியும் எழுவோமா என்றே தெரியாமல், வாழ்க்கையில் ருசி போய்விட்டது என்று நண்பனிடம் சொல்கிறான். அதில் சாதி இல்லை, சட்டம் இல்லை, எதிராளி இல்லை. அடுத்த மார்ச்சில், 1927இல், அதே மனுஷர் மகாத் குளத்தில் இறங்கித் தண்ணீர் எடுத்துக் குடித்தார். இரண்டுக்கும் நடுவே எட்டு மாதம். நாம் மகாத்தை ஆண்டுதோறும் பேசுகிறோம். அந்தக் கடிதத்தை எத்தனை படிப்பு வட்டத்தில் வாசித்திருக்கிறோம்?

துக்கத்தை எழுதினதால்தான் மகாத்துக்குப் போக முடிந்தது என்று நான் சொல்லவரவில்லை. அப்படிச் சொன்னால் துக்கத்தையும் இயக்கத்துக்கு வேலைக்காரனாக்கிவிடுவோம். 1935 மே மாதம் ரமாபாய் இறந்தார். 1940இல் வந்த பாகிஸ்தான் பற்றிய நூலை, எல்லைக்கோடும் ராணுவமும் வரிப்பணமுமாக வாதம் நடக்கிற அந்த நூலை, ரமாபாய் நினைவுக்குச் சமர்ப்பித்திருக்கிறார். தோழமை இல்லாத கஷ்டகாலத்தில் தன்னோடு சேர்ந்து கஷ்டப்பட்டதற்காக. நூலுக்கும் அந்தச் சமர்ப்பணத்துக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. மனுஷருக்கு வேறு இடம் கிடைக்கவில்லை, வைத்தார். அவ்வளவுதான். ஆயா ஊர்த்தெருப் பிணத்துக்கு முன்னால் தன் பிள்ளையை அழுதது எனக்கு ஞாபகம் வருகிறது.

தமிழுக்கு வருவோம். பாமாவின் 'கருக்கு' 1992இல் வந்தது. கன்னியர் மடத்திலிருந்து வெளியேறி, வேலையும் இல்லாமல் போக்கிடமும் இல்லாமல் நின்ற நேரத்தில், தன் மனக்காயத்தை ஆற்றிக்கொள்ளத்தான் எழுதினேன் என்று அவரே பல இடங்களில் சொல்லியிருக்கிறார். அங்கே போனது உயிரில்லை, நம்பி ஒப்படைத்த ஒரு வாழ்க்கை. அதுவும் இழவுதான். நாம் அதை எப்படி வாசித்தோம்? பெரியவர் ஒருவர் வடைப் பொட்டலத்தைக் கையில் படாமல் கயிற்றைப் பிடித்துத் தூக்கிப்போகிற காட்சி. 'கருக்கு' படித்தவர்களில் இதைச் சொல்லாதவர் இல்லை. நானும் மாலை வகுப்பில் இதைத்தான் கோடு போடச் சொல்லிக் கொடுத்தேன். ஒரு பெண்பிள்ளை கேட்டது, "சார், இவங்க ஏன் திரும்பத் திரும்ப அந்த மடத்துக்கே வர்றாங்க? வெளிய வந்துட்டாங்கல்ல?" மடத்தின் சாதியை அம்பலப்படுத்துகிறார் என்று பதில் சொன்னேன். அது அரைப் பதில். இழவு வீட்டில் பேசுகிறவர்கள் திரும்பத் திரும்ப அதே இடத்துக்கு வருவார்கள். எப்போ சோறு சாப்பிட்டான், கடைசியா என்ன சொன்னான், கதவு திறந்திருந்ததா. 'கருக்கு' காலவரிசையில் போகாமல் சுற்றிச் சுற்றி வருவதை அன்று சிலர் கட்டுமானக் குறை என்றார்கள், பிறகு வந்தவர்கள் கோட்பாட்டுப் பெயர் வைத்தார்கள். எனக்கு அது அழுகிற பெண்ணின் பேச்சு நடை. ஆவணமாக வாசித்ததில் அந்த அழுகையை விட்டுவிட்டோம்.

ஊர்மிளா பவாரின் 'ஆய்தான்' மராத்தியில் 2003இல் வந்தது. மாயா பண்டிட்டின் ஆங்கில மொழிபெயர்ப்பில் படித்தேன். ஆய்தான் என்றால் மூங்கில் கூடை, முறம். அவருடைய அம்மா அவற்றை முடைந்து குடும்பத்தைக் காப்பாற்றினவர். அம்மாவின் முடைதலும் தன் எழுத்தும் ஒரே வலியின் பின்னல் என்கிறார். இந்த நூலில் அவர் தன் மகனின் சாவை எழுதுகிறார். எழுதும்போது தலித் இயக்கமும் பெண்கள் இயக்கமும் அவரை விட்டுப் போய்விடுவதில்லை, ஆனால் பிள்ளையின் சாவுக்கு அவை விளக்கமாகவும் வருவதில்லை. பிள்ளை செத்தான். அம்மா உட்கார்ந்திருக்கிறாள். நம் தன்வரலாறுகளில் நான் தேடின இடம் அதுதான்.

இப்படி எழுதுவதற்கு இரண்டு பக்கமும் ஆபத்து இருக்கிறது. அக்காவைப் பற்றி ஒருவழியாக நாலு பக்கம் எழுதி ஓர் இதழுக்கு அனுப்பினேன். நம் ஆட்கள் நடத்துகிற இதழ்தான். 'உருக்கமாக இருக்கிறது, இதில் சாதி எங்கே வருகிறது?' என்று திரும்பி வந்தது. மறுபக்கம், நவீன இலக்கியக்காரர் ஒருவர் அதே நாலு பக்கத்தைப் படித்துவிட்டு, 'இப்போதுதான் நீங்கள் சாதியைத் தாண்டி மானுடத்துக்கு வந்திருக்கிறீர்கள்' என்று தோளைத் தட்டினார். முதலாமவர் என் அக்காவை வழக்குக்குச் சாட்சியாகக் கேட்டார், இரண்டாமவர் என்னைச் சாதிச் சான்றிதழைக் கிழித்துப் போட்டுவிட்டு உள்ளே வரச் சொன்னார். கொஞ்சம் யோசித்தால் முதலாமவர் கேள்விக்காவது பதில் இருக்கிறது. எட்டாம் வகுப்போடு நின்று பனியன் கம்பெனிக்குப் போனவளின் உடம்பில், வெயிலில் தண்ணீர் குடிக்காமல் ஒண்ணுக்குப் போகாமல் நின்ற ஷிப்டுகளில், சாதி இருக்கத்தான் இருக்கும். தேடி எடுத்து எழுதலாம். ஆனால் அதை எடுத்துக் காட்டினால்தான் அவளுக்கு நான் அழலாம் என்றால், அது வாசலுக்கு வெளியே மண்ணில் உட்கார்ந்து அழுவதுபோலத்தானே?

இன்னொரு விஷயம், நான் ஆம்பளை. எங்கள் பக்கம் ஆம்பளைக்கு ஒப்பாரி கிடையாது. பெண்கள் வட்டமாகக் கட்டிப்பிடித்து உட்கார்ந்து பேர் சொல்லி அழுவார்கள். ஆண்கள் வெளியே மூங்கில் வெட்டுவோம், பாடை கட்டுவோம், குடிப்போம். துக்கம் தாங்காமல் குடித்தே போய்ச் சேர்ந்த சித்தப்பன்களும் மாமன்களும் எத்தனை பேர் என்று ஒவ்வொரு சேரியிலும் எண்ணலாம். எழுத்து எனக்கு ஒப்பாரிக்கு மாற்றாகத்தான் வந்தது.

எழுதினால் ஆறுமா? மனநல ஆலோசகராக இருக்கும் நண்பர் ஒருவர் 'எழுதுங்க, ஆறிடும்' என்றார். இதன் பின்னால் ஓர் ஆராய்ச்சி இருக்கிறது. அமெரிக்காவில் ஜேம்ஸ் பென்னபேக்கர் 1986இல் வெளியிட்டது. கல்லூரி மாணவர்களைத் தொடர்ந்து நான்கு நாள், நாளுக்குப் பதினைந்து நிமிஷம், தங்களுக்கு நேர்ந்த பெரிய அதிர்ச்சியை எழுதச் சொன்னார். நடந்ததையும் மனசில் பட்டதையும் சேர்த்து எழுதினவர்கள் அடுத்த ஆறு மாதத்தில் டாக்டரிடம் போனது குறைந்தது. எழுதின அன்றைக்கு மட்டும் அவர்களுக்கு மனசு இன்னும் மோசமாக இருந்தது. பிறகு சாவு கொடுத்தவர்களை மட்டும் வைத்துச் செய்த ஆய்வுகளில் இப்படித் தெளிவான பலன் தெரியவில்லை. எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. அக்காவை எழுதின ராத்திரிகளில் தூக்கம் கூடுதலாகவே கெட்டது. ஆறவில்லை. ஆனால் குற்றவாளியைத் தேடுவது நின்றது. நர்ஸம்மாவின் கஞ்சியை எழுத முடிந்தது. சைக்கிள் பாரில் உட்காரவைத்து என்னைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனவள் மேட்டில் இறங்கித் தள்ளும்போது மூச்சுக்கு நடுவே வாய்ப்பாடு கேட்பாள், அது எழுத்தில்தான் திரும்பி வந்தது.

நான் எழுதினது ஒரு மகளிர் குழுக் கணக்கு நோட்டில். அக்கா குழுவுக்கு ஊக்குநர். பதினாலு பெண்களின் பெயர், வாரம் ஐம்பது ரூபாய் சேமிப்பு, உள்கடன், வட்டி எல்லாம் முன்பக்கத்திலிருந்து அவள் கையெழுத்தில் இருக்கும். சாவு வீட்டில் கைக்குக் கிடைத்த தாள் அதுதான் என்பதால் எடுத்து வைத்திருந்தேன், எழுத வந்தபோது பின்னாலிருந்து எழுத ஆரம்பித்துவிட்டேன். இருபத்து மூன்று பக்கம் ஆனது. ஒருநாள் குழுப் பெண்கள் வந்து, "தம்பி, வரவு செலவெல்லாம் அதுலதான் கீது, பேங்க்ல கேக்கறாங்க, நோட்ட குடு" என்றார்கள். என் பக்கங்களைக் கிழித்துக்கொள்ளலாம் என்று பார்த்தேன். நடுவில் பின்னடித்த நோட்டு அது. பின்னால் ஒரு தாளைக் கிழித்தால் முன்னால் கணக்குத் தாள் ஒன்று கழன்றுவிடும். அப்படியே கொடுத்துவிட்டேன். வெட்கமாக இருந்தது.

பேபி காம்ப்ளே தான் எழுதினதை வருஷக்கணக்காகக் கணவர் கண்ணில் படாமல் ஒளித்து வைத்திருந்தார் என்று படித்திருக்கிறேன். எனக்கு அந்த வசதி பத்து நாள்கூட இல்லை. பத்தாம் வகுப்பு படிக்கிற ஒரு பிள்ளையை வாசிக்கச் சொல்லி, குழுக் கூட்டத்தில் உட்கார்ந்து முழுக்கக் கேட்டிருக்கிறார்கள். அடுத்த வாரம் தெருவில் ஒரு அத்தை நிறுத்தினாள்.

"செவ்வாக்கெழம ஆஸ்பத்திரிக்குக் கூட்டினு போனன்னு எழுதிக்கிற. புதங்கெழம அது. அன்னிக்கிதான் நாங்க கடன் கட்டப் போனோம்."

"சரி அத்தை, மாத்திடறேன்."

"மாத்தியாச்சி. அந்தப் புள்ளயே பென்சில்ல எழுதிடுச்சி. அப்புறம், கணக்குல ஒரு ரூவா பெசவ மாட்டான்னு எழுதிக்கிறியே. எங்கிட்ட வாங்கின மூவாயிரத்த நோட்டுல ஏத்தவே இல்ல அவ. ஒனக்குத் தெரியாதா? அதையும் ஓரத்துல எழுதச் சொல்லிட்டேன்."

எனக்குத் தெரியாது. எதற்கு வாங்கினாள் என்று அத்தைக்கும் தெரியவில்லை. நான் எழுதின இருபத்து மூன்று பக்கத்தில் அக்கா யாரிடமும் கைநீட்டாதவள். ஓரத்தில் பென்சிலில் மூவாயிரம் இருக்கிறது. அந்தப் பிள்ளை எழுத்தைக் கூட்டிக் கூட்டி எழுதியிருக்கிறது. நோட்டு இன்னும் குழுவிடம்தான் இருக்கிறது. ஆயிரத்து ஐந்நூறு கட்டியிருக்கிறேன்.